நம்ம ஜனத்துக்கு ஒற்றுமை இல்லை என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் படம் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் காய்கறி விலை பற்றிப் பேச்சு வந்தது. ஊரில் கத்தரிக்காயைப் பறிக்கக் கூலி கட்டாமல் செடியிலேயே விட்டுவிட்டார்கள் என்று ஒரு பிள்ளை படம் போட்டிருந்தாள். அதற்கு வெளிநாட்டில் இருக்கும் ஒரு தம்பி, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், நல்ல பிள்ளை, இப்படி எழுதினான்: "நம்ம ஜனத்துக்கு ஒற்றுமை கிடையாது டீச்சர். கூட்டுறவுன்னு ஆரம்பிச்சாலே ஊழல்தான். பெரிய கம்பெனி வந்து வாங்கினாத்தான் விவசாயிக்கு விடிவு." அதற்குக் கீழே நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். அதில் என் சொந்த அத்தாச்சி மகனும் உண்டு.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. இந்த வார்த்தையை அவன் கண்டுபிடிக்கவில்லை. என் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

முதலில் ஒற்றுமையைப் பார்ப்போம். நம் பக்கம் ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான். ஒரு கண்மாய்த் தண்ணீரை மேல்மடை, கீழ்மடை, கடைமடை என்று பிரித்து, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்து, அதைக் காக்க ஓர் ஆளை வைத்து, அவருக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுத்து, இத்தனையும் எழுத்துப் பத்திரம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடத்திய ஜனம் இது. சிராவயல் மஞ்சுவிரட்டு எந்தக் கம்பெனி நடத்துகிறது? குலசாமி கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போட்டால் சிங்கப்பூரில் இருக்கிறவன் வரை கட்டுகிறான். ஒரு வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு முன் ஐந்து ரூபாய் வைத்தவருக்குத் திருப்பிச் செய்த கணக்கு வரை இருக்கும். நகரத்தார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கோயில்களாகப் பிரிந்து, கோயிலுக்குப் புள்ளிக் கணக்கு வைத்து, காசியில் சத்திரம் கட்டி இன்றுவரை நடத்துகிறார்கள். மகளிர் குழுவில் வாராவாரம் சந்தா கட்டி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள்.

இந்த ஜனத்துக்குக் கத்தரிக்காய் விற்கும்போது மட்டும் ஒற்றுமை எங்கே போகிறது? அதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. குணத்தில் தேடாதீர்கள்.

இனி ஒரு கணக்கு. கரும்பலகை இல்லாததால் மனதில் போடுங்கள். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை, ஆனால் தோட்டம் வைத்திருக்கிற யாரும் இது வேறு உலகம் என்று சொல்ல மாட்டார்கள். ஒருவர் 40 கிலோ கத்தரிக்காய் மூட்டை ஒன்றைக் கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோகிறார். (மண்டி என்றதும் நம் வீட்டு வெண்டைக்காய் மண்டி நினைவுக்கு வந்தால் அது உங்கள் நாக்கின் குற்றம்.) கழிவு என்று 2 கிலோ போய்விடும். மீதி 38. கிலோ 15 ரூபாய் என்றால் 570. கமிஷன் பத்து சதவீதம், 57. மீதி 513. இறக்குகூலி 20, வண்டி 50. மீதி 443. பறித்த பெண்ணுக்குக் கூலி 200. மீதி 243. இதில் இன்னும் நாற்று, உரம், மருந்து, மோட்டார் எதுவும் கழிக்கவில்லை. அதே காய் கடையில் கிலோ 35 என்றால் அந்த மூட்டைக்கு நீங்கள் கொடுப்பது 1,400 ரூபாய்.

அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் அந்த மண்டிக்கு ஏன் போகிறார்? வேறு இடத்தில் விற்க வேண்டியதுதானே?

இதில்தான் விஷயம் இருக்கிறது. மண்டிக்காரர் ஆடி மாதமே பணம் கொடுத்துவிட்டார். விதைக்கு, உரத்துக்கு, சில நேரம் பிள்ளையின் காதுகுத்துக்கு. இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்றாலும் கொடுப்பார். பட்டா கேட்க மாட்டார். சிட்டா, அடங்கல் கேட்க மாட்டார். ஒரே நிபந்தனைதான்: காய் என் மண்டிக்கு வரவேண்டும். விலை என்னவென்று காய் வந்தபிறகு சொல்வார். விதைக்கும்போதே விற்பனை முடிந்துபோகிறது. மண்டிக்காரரை நான் திட்டவில்லை. அவர் செய்வது புத்திசாலித்தனமான வியாபாரம். கடனையும் விற்பனையையும் ஒரே கையில் வைத்திருக்கிறார். அந்த ஒன்றைத்தான் நம் கூட்டுறவுச் சங்கங்கள் நூறு வருடமாகச் செய்யவில்லை. செய்ய விடவுமில்லை.

வரலாற்றுக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்று ஒரு ஆங்கில அதிகாரி. விவசாயியை வட்டியிலிருந்து மீட்க ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்று 1890களில் பெரிய அறிக்கை எழுதினார். 1904இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில் முதல் கிராமக் கடன் சங்கம் தொடங்கியது. அந்தச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம். கடன் மட்டும்தான். விளைந்ததை விற்கச் சங்கம் அமைக்கலாம் என்று சட்டத்தில் இடம் வந்ததே 1912இல். அந்த எட்டு வருட இடைவெளி இன்றுவரை மூடவில்லை. நம் ஊர்ச் சங்கத்தின் பலகையைப் போய்ப் பாருங்கள். "தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்" என்றுதான் இருக்கும். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 4,500 சங்கங்கள் உண்டு. நகைக்கடன் தருகின்றன. பயிர்க்கடன் தருகின்றன. உரம் விற்கின்றன. ரேஷன் கடை நடத்துகின்றன. அதில் எத்தனை சங்கம் உங்கள் அப்பாவின் கத்தரிக்காயை விற்றுக் கொடுத்திருக்கிறது?

முடியாத காரியம் ஒன்றுமில்லை. 1935இல், கோ-ஆப்டெக்ஸ் தொடங்கிய அதே ஆண்டில், ஊட்டியில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஆரம்பித்தார்கள். மலையில் உருளைக்கிழங்கு போட்டவர் விலைக்கு மேட்டுப்பாளையம் மண்டியைத்தான் நம்பியிருக்க வேண்டும். கிழங்கு மலையைவிட்டு இறங்கியபிறகு திருப்பி ஏற்ற முடியுமா? கேட்ட விலைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். சங்கம் மேட்டுப்பாளையத்திலேயே தன் இடத்தை வைத்து, உறுப்பினரின் மூட்டையை ஏலத்தில் விற்றுக் கொடுத்தது. விதையும் உரமும் கொடுத்தது. 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கில் நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்து, மலை விவசாயிக்குப் பெரிய அடி. அதையும் தாண்டிச் சங்கம் இருக்கிறது. கேரட்டும் பீட்ரூட்டும் விற்கிறது. மண்டிகளும் அங்கே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விவசாயிக்குப் போக இன்னொரு வாசல் இருக்கிறது. இன்னொரு வாசல் திறந்திருந்தாலே முதல் வாசல்காரர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

பெங்களூரில் இருக்கும் பிள்ளைகளே, ஹாப்காம்ஸ் கடைகளில் நீங்கள் காய் வாங்கியிருப்பீர்கள். அது 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாக ஆரம்பித்தது. லால்பாக் தோட்டத்தை வளர்த்த மரிகவுடா, அன்றைய தோட்டக்கலைத் துறைத் தலைவர், பின்னால் நின்றார். பிறகு எல்லாப் பழமும் காயும் சேர்ந்தது. இப்போது நலிந்துதான் இருக்கிறது, தெரியும். ஆனாலும் நகரத்தின் நடுவே விவசாயிகளின் சங்கம் நேரடியாகக் கடை போட்டு இத்தனை பத்தாண்டுகள் நின்றிருக்கிறது என்பது பொய்யாகிவிடாது.

நீலகிரிக்காரருக்கு ஒற்றுமை உண்டு, பெங்களூர்க்காரருக்கு உண்டு, நமக்கு மட்டும் இல்லையா?

1954இல் கோர்வாலா என்பவர் தலைமையில் இந்தியா முழுக்கக் கிராமக் கடன் பற்றி ஆராய்ந்த குழு அறிக்கை கொடுத்தது. விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவு கொடுத்தது வெறும் 3.1 சதவீதம் என்று கண்டுபிடித்தார்கள். ஐம்பது வருடக் கூட்டுறவின் பலன் நூற்றுக்கு மூன்று! கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது வென்றே ஆகவேண்டும் என்கிற பொருளில் எழுதி, அதற்கு வழியும் சொன்னார்கள்: கடனையும் விற்பனையையும் இணையுங்கள், கிடங்கு கட்டுங்கள். நம்மூர் மண்டிக்காரர் எந்த அறிக்கையும் படிக்காமல் செய்துகொண்டிருந்ததைத்தான் அந்தப் பெரியவர்களும் சொன்னார்கள். கிடங்குகள் வந்தன. நெல்லுக்கும் பருத்திக்கும் கடலைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. காய்கறி? அது அழுகும் பொருள், தொல்லை பிடித்தது என்று வெளியே நிறுத்திவிட்டார்கள்.

2020இல் டெல்லியில் வேளாண் சட்டங்கள் கொண்டுவந்து, விவசாயிக்கு மண்டிக்கு வெளியே விற்கும் சுதந்திரம் என்றார்கள். நான் சிரித்தேன். நம் கத்தரிக்காய் எந்த அரசு மண்டிக்கு உள்ளே இருந்தது, வெளியே போவதற்கு?

நடுவில் 1959இல் இன்னொரு குழப்பம். நாகபுரி காங்கிரஸ் மாநாட்டில் கூட்டுப் பண்ணை தீர்மானம். நிலத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து உழுவது. ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். அதே ஆண்டு சுதந்திராக் கட்சி பிறந்தது. நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் ஊர் ஊராகப் பரவியது. என் பெரியப்பா சாகும்வரை "கூட்டுறவு" என்ற சொல்லைக் கேட்டாலே பத்திரத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கை. நிலத்தைச் சேர்ப்பது வேறு, விளைந்ததைச் சேர்த்து விற்பது வேறு. அவரவர் வயல் அவரவருக்கு. சந்தைக்குப் போகும்போது மட்டும் சேர்ந்து போகிறோம். இந்த வித்தியாசத்தை மக்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் சிலருக்கு லாபம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். கூட்டுறவு என்றால் என்ன? உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. நூறு ஏக்கர்காரருக்கும் ஒன்று, பத்து சென்ட்காரிக்கும் ஒன்று. அந்த வாக்கை எடுத்துவிட்டால் அது அரசாங்க அலுவலகம், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1976இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களை எடுத்துவிட்டுத் தனி அலுவலர்களைப் போட்டார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். இருபது வருடம்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, பயிற்சிப் பள்ளி முடித்து, ஆசிரியராக வேலைக்குப் போகும் காலம். 2001இல் மறுபடி தனி அலுவலர். அடுத்த தேர்தல் 2013இல், பிறகு 2018இல். 2023இல் அவர்கள் காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். 1976இலிருந்து 2023 வரை 47 ஆண்டு. அதில் தேர்தலில் வந்தவர்கள் சங்கத்தை நடத்தியது சுமார் 15 ஆண்டு. நடந்த தேர்தல்களும் ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரிதான் நடந்தன. இரண்டு கழகமும் இதில் ஒற்றுமை. ஒற்றுமை எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, அங்கே இருக்கிறது.

97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. சங்கத் தேர்தலுக்கும் தணிக்கைக்கும் விதிகள் வகுத்தது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்த விதிகள் செல்லாது என்றது. மாநிலங்களின் ஒப்புதலைப் பெறவில்லை என்பது காரணம். தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். மாநில உரிமை வேண்டும் என்று நானும் சொல்கிறவள்தான். அந்த உரிமையை வைத்துக்கொண்டு உறுப்பினரின் உரிமையை என்ன செய்தீர்கள் என்றும் கேட்கிறவள்.

எங்கள் அப்பா ஒரு சங்கத்தில் பங்கு போட்டவர். பெயர் வேண்டாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், கணக்கு நன்றாக வரும். ஆண்டுப் பேரவைக் கூட்டம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாமல் பல வருடம் போனது. ஒருநாள் ஒருவர் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதில ஒரு கையெழுத்துப் போடுங்க, கூட்டம் நடந்துருச்சு" என்றார். அப்பா, "நான் வராத கூட்டம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார். "நீங்க வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்று பதில் வந்தது. அப்பா கையெழுத்துப் போடவில்லை. அடுத்த பருவம் அவருடைய கடன் மனுவில் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடம் அவர் மண்டிக்காரரிடம்தான் போனார். இப்போது சொல்லுங்கள், இதில் அப்பாவுக்கு ஒற்றுமை இல்லையா?

ஊழல் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021இல் நகைக்கடன் தள்ளுபடிக்கு ஆய்வு செய்தபோது எத்தனை சங்கங்களில் என்னென்ன முறைகேடு வெளியே வந்தது என்று பத்திரிகையில் படித்தோம். ஆனால் உறுப்பினரை வெளியே நிறுத்தி, கதவைப் பூட்டி, சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே பொருள் காணோம் என்றதும் "உங்கள் ஜனம் திருட்டு ஜனம்" என்று வெளியே நிற்கிறவரைச் சொல்வது என்ன நியாயம்?

தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள். கடன் தீர்ந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள், படட்டும். எனக்கு அதில் உறுத்தல் ஒன்றுதான். விளைந்த பொருளுக்கு விலை கிடைத்திருந்தால் தள்ளுபடி எதற்கு? கடனைத் தள்ளுபடி செய்ய ஒரு கையெழுத்து போதும், தேர்தலுக்கும் உதவும். விலை கிடைக்கச் செய்வதற்கு வருடம் முழுக்க வேலை பார்க்க வேண்டும்.

உழவர் சந்தையைச் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும். 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணாநகரில் கலைஞர் தொடங்கிவைத்தார். பஞ்சாபில் 1987இலேயே இதுபோல ஒன்று உண்டு, ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் ரைத்து பஜார் வந்தது. நம் அரசு அதை விரைவாகவும் நன்றாகவும் செய்தது. விவசாயிக்கு அடையாள அட்டை, எடை போடத் தராசு, விலை எழுதிய பலகை, இடைத்தரகர் கிடையாது. நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். அடுத்து வந்த ஆட்சி அதைச் சவலைப் பிள்ளையாக விட்டது வேறு கதை. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக நிற்கிறார்கள். விடிவதற்கு முன் காயை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து, பத்து பதினொரு மணிவரை உட்கார்ந்து 20 கிலோ விற்றுவிட்டு வரவேண்டும். அந்த நேரத்தில் தோட்டத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது? பத்து பேர் காயை ஒருவர் விற்றால் ஒன்பது பேர் வயலில் இருக்கலாம். சந்தை கட்டிடம் கொடுத்தார்கள். சங்கம் கொடுக்கவில்லை.

2013இல் கூட்டுறவுத் துறையே பண்ணை பசுமைக் கடைகள் திறந்தது. நகரத்தில் விலை ஏறியபோது வாங்குகிறவருக்கு அது உதவி. நீங்கள் சென்னையில் வாங்கியிருப்பீர்கள். விலை விழும்போது விவசாயிக்கு அதே வேகத்தில் என்ன திறந்தார்கள்? தக்காளி 100 ரூபாய் ஆனால் தொலைக்காட்சியில் மூன்று நாள் விவாதம். 5 ரூபாய் ஆகி ரோட்டில் கொட்டினால் ஒரு நிமிடப் படம்.

அப்புறம் 2017-18இல் கூட்டுப்பண்ணையத் திட்டம். நூறு விவசாயிகளுக்கு ஒரு குழு, குழுவுக்கு 5 லட்சம். பெரும்பாலும் அதில் உழவுக் கருவிகள் வாங்கினார்கள். கருவி நல்லதுதான், ஆனால் அது செலவைத்தான் கொஞ்சம் குறைக்கும். விலை மண்டியில்தானே இருக்கிறது?

இப்போது புதிதாக உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். 2003இல் கம்பெனிச் சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்தார்கள். 2020இல் 10,000 நிறுவனம் அமைப்போம் என்று மத்திய அரசு இறங்கியது. கூட்டுறவில் இருக்கும் அரசுப் பிடி இதில் இல்லை என்பது நல்ல விஷயம். நன்றாக நடத்துகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் விதைக்கும்போது கையில் பணம் கொடுக்கும் வசதி அவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. பணம் இருக்கும் சங்கம் காயை வாங்காது. காயை வாங்க நினைக்கும் நிறுவனத்திடம் பணம் இருக்காது. இரண்டும் இருக்கிறவர் மண்டிக்காரர். 1904இல் போட்ட கோணல் இப்போதும் அப்படியே!

பெரிய கம்பெனி வந்தால் விடிவு என்றாயே தம்பி, நம் மாநிலத்திலேயே கம்பெனிகள் கொள்முதல் நிலையம் திறந்ததையும் மூடியதையும் பார்த்தவர்களைக் கேள். ஒரே நீளம், ஒரே நிறம், புள்ளி இல்லாத காயை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். மீதியை விவசாயி அதே மண்டிக்குத்தான் தூக்க வேண்டும். லாபம் குறைந்தால் அடுத்த மாதம் பலகையைக் கழற்றிவிடுவார்கள். கம்பெனிக்கு இந்த ஊரைவிட்டுப் போக வழி உண்டு. அங்கே காய் போட்டவருக்கு ஏது வழி?

பால் விஷயத்தில் நாம் செய்து காட்டியிருக்கிறோமே. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போகிறது. கொழுப்பு பார்த்து விலை. மாடு வைத்திருக்கும் பெண்ணுக்கு எழுத்தறிவு இல்லாவிட்டாலும் தன் கணக்கு அத்துப்படி. காய்கறி பால் மாதிரி இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான வாதம், அதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். பால் மிஞ்சினால் பவுடராக்கலாம், கத்தரிக்காயை ஆக்க முடியாது. பால் ஒரே பொருள், காய் இருபது வகை. பால் வருடம் முழுக்க வரும். காய் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வந்து குவியும். ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் எல்லாரும் ஒரே சமயத்தில்தானே பறிப்பார்கள்? அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறேன். நீ கத்தரி போடு, அவர் வெண்டை போடட்டும், இவர் பதினைந்து நாள் தள்ளிப் புடலை போடட்டும் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்த ஊர் நாற்றுக்கு முறை வைக்காதா? அதைத் தனி அலுவலர் வந்து செய்ய முடியாது. எந்த வயலில் எந்த மண் என்று அவருக்குத் தெரியாது.

கேரளாவில் இப்படி நடக்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, பல குழுக்கள் சேர்ந்து சொந்தச் சந்தை நடத்தி, வியாபாரியை அங்கே வரவழைக்கிறார்கள். 1993இல் ஒரு திட்டமாக ஆரம்பித்து 2001இல் காய்கறி பழ வளர்ச்சிக் கவுன்சில் என்று நிறுவனம் ஆக்கினார்கள், விவசாயிகள் குழுக்களும் அதில் பங்குதாரர்கள். 2020 நவம்பரிலிருந்து 16 வகைக் காய், கிழங்கு, பழங்களுக்கு அடிப்படை விலை அறிவித்தார்கள், உற்பத்திச் செலவுக்குமேல் 20 சதவீதம் வைத்து. அதில் ஓட்டைகள் இருக்கும். ஆனால் அறிவித்தார்கள் அல்லவா? நம் காய் லாரி ஏறித் தினமும் அந்த மாநிலத்துக்குப் போகிறது. காய் போகும் பாதையில் அந்த யோசனை திரும்பி வரக்கூடாதா?

இன்னொன்று, இதைப் பெண்ணாகச் சொல்கிறேன். சாக்கோட்டை ஒன்றியத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த காலத்தில் என் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே எந்த ஊரில் காய் பறிப்பு என்று சொல்லிவிடலாம். பறிப்பு நாளில் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, பறிப்பது, கூடையில் சுமந்து விற்பது எல்லாம் பெண். பட்டா ஆண் பெயரில். பட்டா இல்லாமல் பயிர்க்கடன் இல்லை. ஆகவே சங்கத்தில் கணக்கு ஆண் பெயரில். குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போடுகிறவருக்கும் இதே கதி. உண்மையில் காய் விளைவிக்கிற ஆட்களில் பாதிப்பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, இவர்களுக்கு ஒற்றுமை இல்லை என்கிறோம்.

காரைக்குடியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைச் சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். ரங்கூனுக்குச் சமமாக நம் ஊர்! பணம் எங்கே புழங்கும், சரக்கு எங்கே போகும் என்று கடல்தாண்டிக் கணக்குப் போட்ட மண் இது. அந்த ஊர் மார்க்கெட்டுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் லாரியில் கத்தரிக்காய் இறங்குகிறது. பத்து மைல் தள்ளி நம் பிள்ளை போட்ட படத்தில் கத்தரிக்காய் செடியிலேயே முற்றிப்போய்த் தொங்குகிறது.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. உங்கள் அப்பாவோ அய்யாவோ ஏதாவது கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு போட்டிருப்பார்கள். பழைய இரும்புப் பெட்டியில், பத்திரங்களுக்கு நடுவே, பத்து ரூபாய் நூறு ரூபாய்ப் பங்கு ரசீது கிடக்கும். எடுங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசாகப் பெயர் மாற்ற மனு கொடுங்கள். அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. சங்கத்துக்குப் போய் உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். பேரவைக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, தீர்மானப் புத்தகத்தில் யார் கையெழுத்து என்று பாருங்கள். காட்டமாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் இருக்கும் தம்பி தங்கையை அனுப்புங்கள். தேர்தல் எப்போது என்ற கேள்வியை ஒவ்வொரு சங்கத்திலும் பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் அதற்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரசீது கிடைத்தவர்கள் அதைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ஆதார் நகலும் ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள். என் வீட்டில் வெள்ளைத்தாள் தீர்ந்துபோய் இருக்கிறது.